பாக்கெட் இருந்த இடம்

"தூக்கிப் பாருங்கம்மா, ஒத்தக் கையில தூக்கிரலாம்" என்கிறார் கடைக்காரர் குழந்தைவேலு. தூக்கிப் பார்க்கிறேன். லேசாகத்தான் இருக்கிறது. குட்டித் தையல் மெஷின், வெள்ளை உடம்பு, ரோஸ் நிறச் சக்கரம், முகப்பில் ஒரு பட்டாம்பூச்சி, பொம்மைக் கடையில் வைத்தால் குழந்தைகள் அடம்பிடிக்கும். வலது தோளில் பிடிப்பு இருக்கிற எனக்கு இந்த எடைதான் சரி, இதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம், பீளமேட்டில் இறங்கி அந்த அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடி ஹாலுக்கு, வழியில் ஒரே ஒரு இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவிடலாம், லிப்ட் எப்போதும் ரிப்பேர். செவ்வாய்க்கிழமை அங்கேதான் என் குவில்ட் வகுப்பு ஆரம்பம். பழைய துணிகளைத் துண்டு போட்டு, கோலம் மாதிரி இணைத்து, நடுவில் பஞ்சு கொடுத்து, அடித்துணி வைத்துத் தைக்கிற போர்வைக்கு இப்போது குவில்ட் என்று பெயர், அதைச் சொல்லிக்கொடுப்பதற்கு ஆங்கிலம் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று இந்தக் கோயம்புத்தூர் முழுக்க ஒரு நினைப்பு, அந்த நினைப்பை உடைக்கத்தான் நான் கிளம்பியிருக்கிறேன். ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் நாலு பேர் பிரமிளாவிடம் படித்துக்கொண்டிருந்தவர்கள். தானாக வரவில்லை, நான்தான் இழுத்தேன், ஒவ்வொருத்தியாகப் போன் போட்டு, நல்ல விதமாகப் பேசி, நடுவில் பிரமிளாவைப் பற்றி ஒரு சொல் விட்டு, இழுத்தேன். எனக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் சுவரில் அந்தக் குவில்ட் தொங்குகிறது. உள்ளே நுழையும்போது ஒரு தடவை பார்த்தேன், அதற்குப் பிறகு வேண்டுமென்றே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் கத்திவிடுவேன், கத்தினால் எல்லாம் கெட்டுவிடும். பதினோரு மணிவாக்கில் பிரமிளா வருவாள். ஒவ்வொரு புது பேட்ச் சேர்ந்ததும் முதல் சனிக்கிழமை அவர்களை வரிசையாக இந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து மெஷின் வாங்க வைப்பது அவள் வழக்கம். நான் முதல் பேட்ச்சில் இருந்தவள், எனக்குத் தெரியாதா.

"இது மூணு அடுக்கு தைக்குமுங்களா?" என்று கேட்கிறேன். "தைக்குமுங்கம்மா. ஆனா ஒண்ணு, எடை கம்மிங்கறதால வேகமா ஓட்டுனீங்கன்னா மேசை மேல நடக்கும்." நடக்குமாம். நான் வகுப்பில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து தைக்கும்போது மெஷின் என்னை விட்டுவிட்டு நடந்து போனால் எப்படி இருக்கும். அந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள், வாட்ஸப்பில் பிரமிளாவுக்குச் செய்தி போகும், அவள் தன் சின்னப் பல்லைக் காட்டிச் சிரிப்பாள். வேண்டாம். பக்கத்தில் இருப்பதைத் தள்ளுகிறார், சாம்பல் நிறம், இரும்புச் சட்டம், நான் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருக்கிறது, தோள் உடனே ஒரு இழு இழுக்கிறது. இது அசையாது, ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினால் செவ்வாய்க்கிழமை வகுப்பு, புதன்கிழமை ஆஸ்பத்திரி. லேசாகவும் இருக்க வேண்டும், நகராமலும் இருக்க வேண்டும், விலையும் கட்டுபடியாக வேண்டும், மனிதர்களிலேயே அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம், மெஷினில் எங்கே. எனக்கு ஒருவர் கிடைத்திருந்தார். என் வீட்டுக்காரர், நாச்சிமுத்து என்று பெயர். பஞ்சாலையில் எலக்ட்ரீசியன், அரைக்கைச் சட்டை, பெரும்பாலும் கட்டம் போட்டது, இடது பக்கப் பாக்கெட்டில் எந்நேரமும் கரண்ட் இருக்கிறதா என்று குத்திப் பார்க்கிற ஒரு டெஸ்டர். வீட்டில் சோறு தின்னும்போதுகூட அந்த டெஸ்டர் பாக்கெட்டில் நிற்கும். அதன் முனை பாக்கெட்டின் அடி மூலையைக் குத்திக் குத்தி எல்லாச் சட்டையிலும் ஒரு சின்ன ஓட்டை, பாக்கெட்டில் ஒரு ஓட்டை, அதற்கு நேர் கீழே சட்டையில் ஒரு ஓட்டை. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒரு மூடி போட்டு வையுங்கள் என்று. "ஓட்டையில காத்து வருது சிந்தா, நல்லாத்தான் இருக்குது" என்பார். அந்த மனுஷனின் சட்டைகள்தான் என் முதுகுக்குப் பின்னால் தொங்குகின்றன. அதற்குக் கீழே ஒரு பலகை, பிரமிளா குவில்ட் ஸ்கூல், வடிவமைப்பும் தையலும் பிரமிளா ஜெகதீஷ். வடிவமைப்பாம். என் வயிறு எரிகிறது, இந்தக் கடையின் ஏசிக்குக் கேட்காத எரிச்சல்.

"இதுல பாருங்கம்மா, எண்பது டிசைன் இருக்குது. வாத்து, கிளி, ஏபிசிடி எல்லாம் வரும்." அடுத்த மெஷினைத் திறக்கிறார். எனக்கு வாத்து எதற்கு. நேர்த்தையல் வேண்டும், பல் கீழே இறங்க வேண்டும், துணியை நகர்த்துகிற அந்தப் பல்லைக் கீழே இறக்கிவிட்டால்தான் நம் கை போகிற போக்கில் வளைந்து நெளிந்து தைக்க முடியும், குவில்ட்டுக்கு அதுதான் உயிர். அந்த வசதி இல்லாததால்தான் நான் அன்றைக்குப் பிரமிளாவிடம் மாட்டிக்கொண்டேன். என் வீட்டில் இருந்தது அம்மா வீட்டுச் சீராக வந்த கறுப்பு மெஷின், கால் பெடல், மேசையோடு இரும்பு, நாலு ஆள் வேண்டும் நகர்த்த. அதில் மேல் துணியை மட்டும் இணைத்து முடித்திருந்தேன். எப்படி இணைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அவர் போன பிறகு கருமாதியன்று எல்லா உடுப்பையும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் அண்ணன் வந்து நின்றார், பீரோவைத் திறந்து வைத்தேன், ஆனால் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டைகளை முந்தின நாளே எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மேலே அரிசியைக் கொட்டிவிட்டேன். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். "இவ்வளவுதானுங்க மாமா" என்றேன். அழுத முகத்தை யார் சந்தேகப்படுவார்கள். அந்தச் சட்டைகளைத்தான் வெட்டினேன். கத்தரியை வைக்கவே ஒரு மாசம் ஆயிற்று. ஒவ்வொரு சட்டையிலும் இடது மார்புப் பக்கத்தை மட்டும் முழுச் சதுரமாக எடுத்தேன், மிச்சத்தை ஓரத்துக்கும் இடைப்பட்டைக்கும் வைத்தேன். பாக்கெட் இருந்தால் பஞ்சு மேடு தட்டும், தையல் கோணிப்போகும் என்று பிரமிளா வகுப்பில் சொல்லியிருந்தாள், அதனால் பாக்கெட்டுகளை நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிட்டேன். எடுத்ததும் அதற்கடியில் துணி புதுசு போல இருந்தது. சுற்றிலும் வெயிலிலும் சோப்பிலும் வெளுத்துப்போன சட்டை, நடுவில் பாக்கெட் அளவுக்கு மட்டும் வாங்கிய நாளின் நிறம். கையை வைத்துப் பார்த்தேன். அங்கேதான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது.

"பிரமிளா மேடம்கிட்டக் கேட்டுட்டு வந்தீங்களாம்மா? மேடம் எப்பவும் இந்த நீலக்கலர்தான் சொல்லுவாங்க" என்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது. "அவிங்க சொன்னாத்தான் வாங்கோணுமா?" என்றேன். "அப்படிச் சொல்லலீங்கம்மா" என்று பின்வாங்குகிறார். மேடம், மேடம். என்னைவிட மூன்று வயது சின்னவள், நானும் மேடம் என்றுதான் கூப்பிட்டேன், அவள் என்னைச் சிந்தா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், சிந்தாமணி என்று முழுப் பெயரைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வலித்தது. ஆனால் நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள், அதை மறைக்க மாட்டேன், கால் அங்குலத் தையலை அவள் சொல்லிக்கொடுத்த மாதிரி யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, செவ்வாய்க்கிழமை நானும் அதே மாதிரிதான் சொல்லிக்கொடுக்கப்போகிறேன், அவள் வார்த்தையாலேயே அவள் கூட்டத்தைக் கலைக்கப்போகிறேன். மேல் துணியை மடித்து அவள் கையில் கொடுத்தபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அது நிஜமான தண்ணீர். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். "உன் மெஷின்ல இது முடியாது சிந்தா. எங்கிட்டக் குடு, ஒரு வாரத்துல பஞ்சு வெச்சு முடிச்சுத் தர்றேன்." ஒரு வாரம் ஒரு மாசம் ஆயிற்று, மழை என்றாள், பஞ்சு வரவில்லை என்றாள், மகளுக்குப் பரீட்சை என்றாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் போட்டோ. கைவினைக் கண்காட்சியில் முதல் பரிசு, பக்கத்தில் பிரமிளா நிற்கிறாள், பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, பின்னால் அவர் சட்டைகள். ஒவ்வொரு சதுரத்திலும் நடுவில் நிறம் தூக்கலாகத் தெரிகிறதே என்று நிருபர் கேட்டதற்கு, அது ஷேடு, வெளிச்சமும் நிழலும் விளையாடுகிற மாதிரி நான் யோசித்துச் செய்தது என்று பதில் சொல்லியிருந்தாள். அதைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். பாக்கெட் இருந்த இடத்தை ஷேடு என்று நினைத்துவிட்டாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அதைவிட, அந்த டெஸ்டர் ஓட்டைகள் அவளுக்குக் கண்ணை உறுத்தியிருக்கின்றன, ஒவ்வொரு ஓட்டையின் மேலும் மஞ்சள் நூலில் ஒரு சின்னப் பூவைப் போட்டு மூடிவிட்டாள். அழகுக்காம்.

நேரே போய்க் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அவள் வீட்டு மாடியில், வகுப்பு முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது. அவள் பதறவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நிதானமாக, குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னாள். "இங்க பாரு சிந்தா. மேல் துணி மட்டும்தான் உன்னுது. பஞ்சு என்னுது, அடித்துணி என்னுது, தையல் என்னுது. மேல் துணி தச்சவங்க பேரை யாரும் போடறதில்லை, முடிச்சவங்க பேர்தான். அதுதான் இதுல முறை." முறையாம். பிறகு என் தோளைத் தொட்டு, "வருத்தப்படாத. வேற சட்டை இருந்தா கொண்டு வா, இன்னொண்ணு போட்டுக் குடுத்துடறேன்" என்றாள். வேற சட்டை. ஏதோ பாத்திரக்காரன் வண்டியில் இன்னொரு தட்டு இருக்கிற மாதிரி. நான் படி இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் அந்தச் சொல் கூடவே இறங்கியது. அன்றிலிருந்து குளிக்கும்போது, குழம்பு கொதிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால்கூட, அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறேன். சில நாள் அவள் காலில் விழுந்து அழுகிறாள். சில நாள் அவள் மெஷினையெல்லாம் மாடியிலிருந்து தள்ளிவிடுகிறேன், ஒவ்வொன்றாக, சத்தம்கூடக் கேட்கும். என் மகள் சென்னையிலிருந்து போன் செய்து, "விடும்மா, ஒரு போர்வைக்குப் போயி" என்றாள். அவளோடு ரெண்டு வாரம் பேசவில்லை. போர்வையாம்.

"ஏனுங்கம்மா, தண்ணி கொண்டு வரச் சொல்லட்டுமா?" என்கிறார் குழந்தைவேலு. முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. "வேண்டாமுங்க. அந்த நீலத்தைக் காட்டுங்க." நீல மெஷினை முன்னால் வைக்கிறார். தூக்கிப் பார்க்கிறேன். வெள்ளையைவிடக் கொஞ்சம் கனம், சாம்பலுக்குப் பாதி. அடியில் நாலு ரப்பர் கால், தள்ளிப் பார்த்தேன், மேசையைப் பிடித்துக்கொள்கிறது. ஊசிக்கும் உடம்புக்கும் நடுவில் கை தாராளமாக நுழைகிறது, சுருட்டிய போர்வையை அந்த இடைவெளியில்தான் திணித்துத் தைக்க வேண்டும். பின்பக்கம் ஒரு பொத்தான், அழுத்தினால் பல் இறங்குகிறது. அடிநூல் பாபின் மேலிருந்து போடுகிற வகை, நூல் தீர்வது கண்ணுக்குத் தெரியும். விலையைக் கேட்டேன், சொன்னார், என் கைக்குள் அடங்குகிறது. வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் இதெல்லாம் எனக்கு ஒழுங்காகத் தெரிகிறது, அதுவே எனக்கு ஆச்சரியம்தான். பழிவாங்க வந்தவள் என்றாலும் மெஷின் நல்லதாக இருக்க வேண்டுமே. ஆனால் பிரமிளா சிபாரிசு செய்கிற மெஷின் இது. அவள் சொன்னதையா வாங்குவது என்று மனசு முரண்டு பிடிக்கிறது, அவள் சொன்னதாலேயே வேண்டாம் என்று வைத்துவிட்டு அந்த வாத்து மெஷினை வாங்கினால் நஷ்டம் எனக்குத்தான். "கனமான துணி போகுமுங்களா?" என்றேன். குழந்தைவேலு நெஞ்சை நிமிர்த்துகிறார். "என்னங்கம்மா இப்படிக் கேட்டுட்டீங்க. உங்களுக்குப் பின்னால தொங்குது பாருங்க, முதல் பரிசு வாங்குன குவில்ட், அதையே இந்த மெஷின்லதான் மேடம் தச்சாங்க." நான் திரும்பவில்லை. கைப்பைக்குள் என் விரல் போகிறது. உள்ளே ஒரு பாக்கெட் இருக்கிறது, நீலக் கட்டம், அடி மூலையில் ஓட்டை. எல்லாப் பாக்கெட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், இன்றைக்கு இந்த ஒன்றை மட்டும் கொண்டு வந்தேன். சட்டையில் பிரித்த தையலின் ஊசிப்பொட்டுகள் அப்படியே இருக்கும், பாக்கெட்டிலும் இருக்கும், ஒன்றோடொன்று பொருந்தும். ராத்திரி பகலாக யோசித்து வைத்தது. இருந்தாலும், போய்விடலாமா. மெஷினை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடலாம், செவ்வாய்க்கிழமை வகுப்பு இருக்கிறது, நாலு பேரை இழுத்தாயிற்று, அது போதாதா. போதாது. "அப்பிடின்னா அந்தக் குவில்ட்டையே இதுல வெச்சுக் காட்டுங்க. உள்ள போகுதான்னு பாத்துட்டு நம்பறேன்" என்றேன்.

தயங்கினார். "மேடத்தோடதுங்கம்மா." "நூல் கோக்காம காட்டுங்க, என்ன ஆயிரும்?" வியாபாரம் கையை விட்டுப் போய்விடுமோ என்கிற பயம் அவருக்கு. ஸ்டூல் போட்டு ஏறிக் கொக்கியிலிருந்து கழற்றினார். என் மடியில் வந்து விழுந்தது. கனம். பஞ்சு வைத்தபின் இப்போதுதான் முதல்முறையாகத் தொடுகிறேன். என் வீட்டுக்காரர் வாசனை இருக்கும் என்று ஒரு முட்டாள் நினைப்பு, மூக்கருகில் கொண்டுபோனேன், கடையின் எண்ணெய் வாசனைதான் வந்தது. தையல் நன்றாக இருந்தது. அலை அலையாக, ஒரு இடத்தில்கூடச் சுருக்கம் இல்லாமல், என்னால் இப்படித் தைக்க முடியாது என்று அந்த நிமிஷத்தில் ஒத்துக்கொண்டேன், ஒத்துக்கொண்டதில் வெறுப்பு இன்னும் கூடியது. நீலக் கட்டச் சதுரம் நடு வரிசையில் இருந்தது. வாசலில் யாரோ ஊசி கேட்டு வந்தார்கள், குழந்தைவேலு எழுந்து போனார். மெஷினில் மாதிரி காட்டுவதற்கென்று சிவப்பு நூல் ஏற்கெனவே கோத்திருந்தது. பாக்கெட்டை எடுத்து அந்தப் புது நிறத்தின் மேல் வைத்தேன். ஒரு நூல் இடம் மிச்சமில்லை. பெடலில் கால் வைத்தேன். ஒரு பக்கம் போயிற்று, மெஷின் அசையவில்லை, நல்ல மெஷின். மூலையில் ஊசியை இறக்கித் துணியைத் திருப்பி அடிப்பக்கம் ஆரம்பித்தபோது வாசலில் பேச்சுச் சத்தம், வளையல் சத்தம், பிரமிளாவின் குரல். "எல்லாரும் உள்ள வாங்கப்பா, செருப்பை அங்க விடுங்க." பெடல் விட்டு விட்டுப் போயிற்று, தையல் ஒரு இடத்தில் கோணியது. ஆனால் நிறுத்தவில்லை.

"சிந்தா?" என்றாள். பிறகு மடியில் கிடப்பதைப் பார்த்தாள். "என்ன பண்றே?" நான் மூன்றாவது பக்கத்தை முடித்து நூலை அறுத்தேன். "பாக்கெட் வெக்கறேனுங்க மேடம்." குழந்தைவேலு ஓடி வந்தார், தலையில் கை வைத்தார், அந்தப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். பச்சைச் சுடிதார் போட்ட ஒருத்தி குனிந்து, "மேடம், இது சட்டைங்களா? ஷேடுன்னு சொன்னீங்களே" என்றாள். ஒரு கணம் பிரமிளாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை மாசம் காத்திருந்தேன், அதைச் சாப்பிடுகிற மாதிரி பார்த்தேன். ஆனால் அவள் சுதாரித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "என் பழைய ஸ்டூடண்ட்ப்பா. பாவம், வீட்டுக்காரர் போனதுல இருந்து இப்படித்தான், எந்தத் துணியப் பாத்தாலும் அவரோடதுன்னு சொல்லுவாங்க" என்றாள். சுற்றி நின்ற முகங்களெல்லாம் சட்டென்று இளகிவிட்டன. எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன், இதற்கு மட்டும் இல்லை. பைத்தியம் ஆக்கிவிட்டாள். ஒரே வாக்கியத்தில், அன்பாக, என்னைப் பைத்தியம் ஆக்கிவிட்டாள். கத்தினால் பைத்தியம் என்பது உறுதியாகிவிடும், அழுதாலும் உறுதியாகிவிடும், எழுந்து போனாலும் பின்னால் ஐயோ பாவம் என்பார்கள். யாரோ ஒருத்தி என் முதுகைத் தடவினாள். "வீட்டுல யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள். மேசையில் தையல் பிரிக்கிற சின்னக் கொக்கி கிடந்தது. அதைக் கையில் எடுத்தேன், அவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். நான் பிரமிளாவைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னேன், "பாக்கெட்டோட இந்த மூலையில ஒரு ஓட்டை இருக்குதுங்க மேடம். இதுக்கு நேர் அடியில நீங்க ஒரு மஞ்சப் பூப் போட்டிருக்கீங்க. பூவைப் பிரிச்சா அங்கயும் ஒரு ஓட்டை இருக்கும். பிரிக்கட்டுங்களா?"

நான் பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டுத் தடவிப் பூவைக் கண்டுபிடித்து, கொக்கியை உள்ளே விட்டுப் பிரித்தேன். மஞ்சள் நூல் இழை இழையாக மேலே வந்தது. முன்னால் பாக்கெட் ஓட்டை, பின்னால் சட்டை ஓட்டை, நடுவில் எதுவும் இல்லை, வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது. பச்சைச் சுடிதார்க்காரி கிட்டே வந்து அந்த ஓட்டையில் தன் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "டெஸ்டருங்களா?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன். "எங்க வீட்டுக்காரரும் ஈபியிலதான் இருக்கறாருங்க. எல்லாச் சட்டையும் இதே இடத்துலதான் ஓட்டை. எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டாரு." சொல்லிவிட்டுப் பிரமிளாவைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒருத்தி வாசலுக்குப் போய் அப்போதுதான் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டாள். குழந்தைவேலு பலகையைப் பார்த்தார், குவில்ட்டைப் பார்த்தார், யாரையும் பார்க்காமல் ஒரு துணியை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். பிரமிளாவின் கழுத்து சிவந்திருந்தது. இளைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன். "எடுத்துட்டுப் போயிருங்க" என்றாள். நீ, வா, போ எல்லாம் போய்விட்டது. குரல் உடைந்திருந்தது, நான் கற்பனை செய்த அழுகை இல்லை, அதைவிடச் சின்னது. "எடுத்துட்டுப் போயிருங்க, உங்களோடதுதான்." குழந்தைவேலு உடனே ஒரு பெரிய பை எடுத்து வந்து, குவில்ட்டை மடித்து உள்ளே வைக்கத் தொடங்கினார். மடிக்கும்போது பச்சைக் கட்டம், பழுப்புக் கோடு, தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்து அவருக்குப் பிடிக்காமலே போட்டுக்கொண்ட ஆரஞ்சு, ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டு வருஷமாகப் படுக்கையில் அவர் பக்கம் காலியாகவே கிடக்கிறது. இதைப் போர்த்திக்கொண்டு ஒரே ஒரு நாள் தூங்கினால் போதும் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன். பை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு போனால் நாளைக்குச் சுவர் காலி. நாளன்றைக்கு அங்கே வேறொரு குவில்ட் தொங்கும், அதற்குக் கீழே அதே பலகை, அடுத்த பேட்ச் வரும், இன்றைக்கு நடந்தது யாருக்குத் தெரியும். ஒரு வாரத்தில் அவளே மறந்துவிடுவாள்.

"வேண்டாமுங்க" என்றேன் குழந்தைவேலுவிடம். "இருந்த இடத்துலயே மாட்டுங்க. பாக்கெட்டோட மாட்டுங்க. ஒவ்வொரு பேட்ச்சும் பாக்கட்டும். மேடமே கையக் காட்டிச் சொல்லட்டும், இது ஷேடு இல்ல, பாக்கெட்டுன்னு." அவர் பிரமிளாவைப் பார்த்தார். அவள், "அத எடுத்துட்டுப் போயிருங்க, தயவுசெஞ்சு" என்றாள் இன்னொரு தடவை. அந்தத் தயவுசெஞ்சு காதுக்குள் போய் இறங்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவர் போனபிறகு எனக்கு வந்த முதல் சந்தோஷம் அது. குழந்தைவேலு ஸ்டூல் மேல் ஏறிக் கொக்கியில் மாட்டினார், சிவப்பு நூல் வாசல் வரை தெரிந்தது. நீல மெஷினைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார், பில்லைக் கொடுக்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. வெளியே வெயில். இடது தோளில் மெஷினோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். இது எளிதாகத் தூக்க முடிகிறது, மூன்று மாடி ஏறிவிடுவேன், செவ்வாய்க்கிழமை நேர்த்தையலில் ஆரம்பிக்க வேண்டும், எல்லாருக்கும் பழைய சட்டை ஒன்று கொண்டு வரச் சொல்ல வேண்டும், வேண்டாம், சட்டை வேண்டாம், வேறு ஏதாவது துணி. பஸ் வருகிறது, கூட்டம். அந்தக் கடையின் சுவரில் ஏசிக் காற்றில் அவர் தொங்கிக்கொண்டிருக்கிறார், கடை பூட்டியபிறகும் தொங்குவார், ஞாயிற்றுக்கிழமையும் தொங்குவார். எங்கே விட வேண்டும் என்று அவரைக் கேட்டிருந்தால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வா சிந்தா என்றுதான் சொல்லியிருப்பார். நான் அவரைக் கேட்கவில்லை.